ஒன்பதாவது மீன்

கருப்பு மீனுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்ததும் ஷோபாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். இதைச் சொன்னால் நாலு பேர் அவளைத் தப்பாக நினைப்பார்கள். நினைத்தால் நினைக்கட்டும், நடந்தது அதுதான். செவ்வாய்க்கிழமை காலை, பார்லருக்குக் கிளம்புகிற அவசரத்தில் மீன்களுக்கு ஒரு சிட்டிகை தீனி தூவ வந்தவள், கருப்பு மட்டும் மேலே வராததைப் பார்த்தாள். அது தொட்டியின் அடியில் இருந்த கூழாங்கல்லில் போய்த் தன் விலாவைத் தேய்த்தது. சற்று நகர்ந்து போய், திரும்பி வந்து, மறுபடி தேய்த்தது. குனிந்து பார்த்தால், முதுகுத் துடுப்புக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. ஷோபாவின் கை தன்னால் நெஞ்சுக்குப் போனது. "அப்பாடா, எடுத்துக்கிச்சு" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

ஆஸ்டின் டவுனில் அவர்களுடையது ஒரு முன்னறையும் சமையலறையும் மட்டுமே உள்ள வீடு. அந்த முன்னறையில் டிவிக்குக் கிடைக்கிற மரியாதையைவிட மீன் தொட்டிக்கு அதிகம். எட்டு ஆரஞ்சு மீன், ஒரு கருப்பு மீன், ஆக ஒன்பது. வாஸ்துக்கு அதுதான் கணக்கு என்று ஷோபா வேலை செய்யும் பார்லரின் முதலாளி சௌம்யா மேடம் மூன்று வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தார். எட்டும் லட்சுமி கடாட்சத்துக்கு. ஒன்பதாவது காவலுக்கு. வீட்டுக்குள் வருகிற கண்ணேறு, கண்டம், எதுவானாலும் கருப்பு வாங்கிக்கொள்ளும். வாங்கிக்கொண்டு செத்துப்போகும். போனதும் வேறு கருப்பு வாங்கி விட்டுவிட வேண்டும், அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது.

ஷோபா இதை முதலில் ஒரு காதில்தான் வாங்கினாள். சின்னதாக ஒரு தொட்டி வைத்தால் வீடு அழகாக இருக்கும் என்பதுதான் அவள் எண்ணம். ஆனால் ஒரு நாள் காலை முதல் கருப்பு செத்து மிதந்தது. அன்றைக்கு மத்தியானமே அத்திபெலே டோல்கேட்டுக்கு முன்னால் ஒரு லாரி ரவிக்குமாரின் வண்டியை இடித்தது. ரவிக்குமார் அவள் புருஷன், ஒரு கம்பெனிக்குக் கேப் ஓட்டுகிறவன். டிரைவர் பக்கத்துக் கதவு அப்பளமாக நொறுங்கிவிட்டது. அவனோ மறுபக்கக் கதவைத் திறந்து இறங்கி, ஷோபாவுக்குப் போன் போட்டு, சாப்பாட்டு டப்பா நசுங்கிப்போச்சு, மத்தியானத்துக்கு என்ன பண்றது என்று கேட்டான். அத்திபெலேயிலேயே குடியிருக்கும் அவன் அக்கா முத்தம்மா ஓடி வந்து தம்பியைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்துவிட்டு, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றாள். காலையில் மீன் செத்த சேதியைக் கேட்டதும், "அதான் தலைப்பாகை" என்று முடித்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஷோபாவுக்கு இதில் சந்தேகம் கிடையாது. யாராவது சிரித்தால் போனை எடுத்து அந்தக் கதவின் போட்டோவைக் காட்டுவாள்.

இப்போது வந்திருப்பது கதவோடு போகிற சமாசாரம் இல்லை. பத்து நாளைக்கு முன்னால் ஓசூர் ரோட்டில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ரவிக்குமாருக்கு, நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி வலித்தது. இடது கை மரத்துப்போனது. அரசு ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், ஓட வைத்துப் பார்த்தார்கள். டாக்டர் காகிதத்தைப் புரட்டிவிட்டு, வரும் வியாழக்கிழமை ஆஞ்சியோ, அதுவரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்றார். ரவிக்குமாரைக் கேட்டால் சிரிப்பான். "கையிலே ஒரு குழாய் விட்டுப் பார்ப்பாங்க, அவ்ளோதான். வண்டியை சர்வீஸுக்கு விடறதில்லையா?" என்பான். ஷோபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ரவிக்குமாரின் அப்பா ஒரு நாள் காலை காபி டம்ளரைக் கீழே வைக்கக் குனிந்தவர், அப்புறம் நிமிரவே இல்லை. அவருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. ரவிக்குமாருக்கு இந்த ஆவணியோடு நாற்பத்தேழு முடிகிறது.

அதனால்தான் கருப்பு மீன் மேல் தொங்கிய நூல் அவளுக்கு வரமாகத் தெரிந்தது. சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் முத்தம்மாவுக்குப் போன் செய்தாள்.

"அண்ணி, கருப்புக்கு உடம்பு சரியில்லை. கல்லுல போய்த் தேய்ச்சுக்குது. வெள்ளையா என்னமோ தொங்குது."

"எத்தினி நாளா?"

"இன்னிக்குத்தான் பார்த்தேன்."

"தொடாதே" என்றாள் முத்தம்மா. "மருந்து கிருந்துன்னு எதையும் ஊத்திடாதே. அது எடுத்துக்குது. பாதியிலே நீ போய்ப் புடுங்கினா, அது திரும்பி எங்க போவும்னு நெனைக்கிறே? வியாழக்கிழமை வரைக்கும் சும்னே இரு."

"இவர் பார்த்தா விட மாட்டாரு அண்ணி. உடனே தொட்டி மீன் விக்கிற டேரில் கடைக்கு ஓடுவாரு."

"அவன் கண்ணுல காட்டாதே."

சொல்வதற்கு என்ன, சொல்லிவிடலாம். பத்து நாளாக வீட்டோடு கிடக்கிற மனுஷன் அந்தத் தொட்டிக்கு எதிரில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். கருப்பை "டேய்" என்று கூப்பிட்டு, கம்பெனியில் எந்த சூப்பர்வைசர் எந்த டிரைவருக்கு நல்ல டிரிப் கொடுக்கிறான் என்பது வரை அதனிடம் பேசுவான். ஷோபா யோசித்துப் பார்த்துவிட்டு, தொட்டி லைட்டின் பிளக்கைச் சத்தமில்லாமல் உருவினாள். குளித்துவிட்டு வந்தவனிடம், "லைட் போயிடுச்சுங்க. ஈரக் கையோட தொடாதீங்க, ஷாக் அடிக்கும்" என்றாள். மற்ற நாளாக இருந்தால் அவள் வாயை மூடுவதற்குள் ஸ்க்ரூடிரைவர் வந்திருக்கும். அன்றைக்கு அவன், "சரி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நாற்காலியை டிவி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான். நல்லதாகப் போயிற்று என்று ஷோபா பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

பார்லரில் அன்று முழுக்கக் கூட்டம். புருவத்துக்கு நூல் எடுப்பதில் ஷோபாவுக்கு அந்த வட்டாரத்தில் பெயர் உண்டு. நூல் எடுப்பதைவிட அவளுக்கு உள்ளூரப் பிடித்த வேலை ஒன்று இருக்கிறது. தோலுக்குள் மடங்கி வளர்ந்த முடியை விளக்கைத் தாழ்த்திப் பார்த்து, பிளக்கரால் பிடித்து ஒரே இழுப்பில் வேரோடு எடுப்பது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரியின் கழுத்தில் ஒரு கரும்புள்ளி தெரிந்தால்கூட அவள் விரல் பரபரக்கும். அன்றைக்கு ஒரு பெண்ணின் முகவாயில் அப்படி ஒரு முடியை எடுக்கும்போது, கருப்பு கல்லில் போய் இடித்துத் தேய்த்துக்கொண்டது ஞாபகத்துக்கு வந்தது. கை தடுமாறி, அந்தப் பெண் "ஆ" என்றாள். ஷோபா சாரி சொல்லிவிட்டு, வியாழக்கிழமை வரைக்கும்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது ரவிக்குமார் குளியலறையில் இருந்தான். போன் டார்ச்சைத் தொட்டிக்குள் அடித்தாள். கருப்பு இப்போது தேய்த்துக்கொள்ளக்கூட இல்லை. துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு ஒரு மூலையில் கிடந்து மூச்சு வாங்கியது. ஒரு நூல் ஐந்து நூலாகியிருந்தது. ஒவ்வொன்றின் அடியிலும் கொசு கடித்து நகத்தால் பிறாண்டின மாதிரி சிவப்பு. எடுத்துக்கொள்கிறது, நன்றாகவே எடுத்துக்கொள்கிறது என்று அவள் நினைத்து முடிப்பதற்குள், வெளிச்சத்தைப் பார்த்துத் தீனி என்று நினைத்து ஒரு ஆரஞ்சு மீன் கண்ணாடிக்கு வந்தது. அதன் வாலுக்குப் பக்கத்திலும் ஒரு நூல்.

ஆரஞ்சுக்கு இந்த வேலை கொடுக்கப்படவில்லையே. எட்டும் லட்சுமிக்கு, ஒன்றுதானே காவலுக்கு. அப்படியென்றால் வந்திருப்பது அவ்வளவு பெரிசா? ஒரு மீன் போதவில்லையா? ஒன்பதும் எடுத்துக்கொண்டும் மிச்சம் இருந்தால் அது யாருக்கு? அவள் போனில் வீடியோ எடுத்தாள். பால் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று குளியலறைக் கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு டேரில் கடைக்கு நடந்தாள்.

டேரில் கடை இரண்டு தெரு தள்ளி. சின்ன இடத்தில் முப்பது தொட்டி, முப்பது மோட்டார் இரைச்சல். டேரில் ஒரு கையில் மீன் வலையோடு, வீடியோவைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கேள்வி கேட்டார்.

"புள்ளியா, நூலா?"

"நூல்."

"உப்புத் தூவின மாதிரி இல்லையே? தட்டையா, கண்ணாடி மாதிரி உடம்பு மேல ஓடற பூச்சி ஏதாவது? ஓடினா அது மீன் பேன்."

"ஓடலை. ஒரே இடத்துல தொங்குது. மலமா இருக்குமோன்னு பார்த்தேன், அதுவும் இல்லை."

டேரில் வலையை வைத்துவிட்டு வீடியோவை இரண்டு விரலால் பெரிதாக்கினார். "நுனி ரெண்டா பிரியுது பாருங்க, அது முட்டைப் பை. நங்கூரப் புழு சிஸ்டர். தலையைச் சதைக்குள்ள மாட்டிக்கிட்டு உறிஞ்சும், வால்தான் வெளியே தெரியறது. அதான் மீன் கல்லுல தேய்ச்சுக்குது, அரிப்பு தாங்காம. புதுசா மீன் ஏதாவது விட்டீங்களா?"

"இல்லை."

"செடி?"

ஷோபா மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்திபெலே போயிருந்தாள். முத்தம்மா வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஏரியில் ஆகாயத்தாமரை படர்ந்து கிடந்தது. வேர் தொங்கத் தொங்க மிதந்தால் தொட்டிக்கு லட்சணமாக இருக்கும் என்று முத்தம்மாதான் ஒரு கை அள்ளிக் கொடுத்தாள்.

"ஏரியிலேர்ந்து ஆகாயத்தாமரை" என்றாள் கடைசியில்.

"கழுவி, பத்து நாள் தனியா வச்சிருந்து விட்டீங்களா?"

"வந்த கையோட விட்டேன்."

"அதுலதான் வந்திருக்கு. குஞ்சுப் புழு கண்ணுக்குத் தெரியாது. மூணு வாரத்துல இப்படி வளர்ந்து நிக்கும்."

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதை என்பார்கள். ஷோபா நிஜமாகவே மடியில்தான் வைத்துக்கொண்டு வந்தாள். பிளாஸ்டிக் கவரில், ஏரித் தண்ணீர் ஒரு சொட்டு சிந்தாமல், பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததே என்ற நிம்மதியோடு.

"வீட்டுக்குக் கெட்டது ஏதாவது வர்றதா இருந்தா, இப்படிக் காட்டுமா?" என்று அவரிடம் நேராகவே கேட்டுவிட்டாள்.

டேரில் தலையைச் சொறிந்தார். "அதெல்லாம் எனக்குத் தெரியாது சிஸ்டர். செடியைக் கழுவாம விட்டா வரும். பிளக்கர் இருக்கா?"

"நான் பார்லர்ல வேலை செய்யறேன்."

"அப்போ பாதி வேலை முடிஞ்சுது. ஈரத் துணியிலே மீனைப் பிடிக்கணும். தோலை ஒட்டி, புழுவோட அடியிலே பிடிச்சு நேரா இழுங்க. நுனியைப் பிடிச்சா அறுந்துடும், தலை உள்ளேயே நின்னு புண்ணாகும். எடுத்த இடத்துல அயோடின் தொட்டு வைங்க, செவுள்ல படக் கூடாது. ஒரு தடவைக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல தண்ணிக்கு வெளியே வைக்காதீங்க. அப்புறம் தண்ணியிலே இந்த மருந்து. முட்டை பொரிஞ்சு புதுசு வரும், அதனால வாரம் ஒரு தடவை, நாலு வாரம். செடியைத் தூக்கிக் குப்பையிலே போடுங்க." வீடியோவை இன்னொரு தடவை பார்த்தார். "இன்னிக்கே பண்ணிடுங்க. கருப்பு நாளைக்குத் தாங்காது."

நாளைக்கு என்றால் வியாழக்கிழமை. மருந்துப் பாக்கெட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஷோபா மெதுவாக நடந்தாள். விட்டுவிட்டால் நாளைக் காலையில் மீன் போகும். மத்தியானம் ஆஞ்சியோ. போன தடவை நடந்த வரிசை மாறாமல் அப்படியே வருகிறது. புழு என்றால் புழுவாகவே இருக்கட்டும். முதல் கருப்பும் ஏதோ ஒரு நோயில்தானே செத்திருக்கும்? எந்த நோயாக இருந்தால் என்ன, எடுத்துக்கொண்டது எடுத்துக்கொண்டதுதானே? மனசு இருக்கிறதே, வேண்டியவர்களுக்கு அது வக்கீலையும் மிஞ்சி வாதாடும். மருந்தை நாளைக்குச் சாயங்காலம் போட்டுக்கொள்ளலாம் என்று தெருமுனையில் முடிவு செய்தாள். பால் வாங்க மறந்துவிட்டாள்.

கதவைத் திறந்தால் தொட்டியில் லைட் எரிந்துகொண்டிருந்தது. ரவிக்குமார் அதற்கு எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"லைட் நல்லாத்தான் இருக்கு" என்றான். "பிளக்கைத்தான் யாரோ உருவி வச்சிருக்காங்க."

ஷோபா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கருப்பைப் பார்த்தியா?" என்றான்.

"பார்த்தேன்."

"எப்போ?"

"நேத்துக் காலையிலே."

"நான் ஞாயித்துக்கிழமையே பார்த்துட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. "பார்த்துட்டு ஏன் சொல்லலை? டேரில்கிட்டயாவது போயிருக்கலாம்."

ரவிக்குமார் அவளைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்தே பேசினான். "உன்கிட்ட சொன்னா நீ எடுத்துடுவே. உன் கைதான் சும்மா இருக்காதே. நீ எடுத்தா அது பொழைச்சுக்கும்."

"பொழைச்சா நல்லதுதானே."

"எனக்குப் பயமா இருக்கு ஷோபா. எங்கப்பனுக்கு நாப்பத்தெட்டு. இது போயிட்டா நான் நிப்பேன்னு நெனைச்சேன். நாலு நாளா இது கல்லுல தேய்ச்சுக்கிறதை உக்காந்து பார்க்கிறேன். சீக்கிரம் போய்த் தொலைடான்னு மனசுக்குள்ள சொல்றேன். நான் கையாலே தீனி போட்டு வளர்த்தது."

ஷோபாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். "பத்து நாளா சர்வீஸு சர்வீஸுன்னு சிரிச்சீங்களே. பயமா இருக்குன்னு வாயைத் திறந்து சொன்னா முத்தா உதிர்ந்துடும்?"

"நீ மட்டும் சொன்னியா? பிளக்கை உருவி வச்சே."

ஷோபா கைப்பையோடு தரையில் உட்கார்ந்து அழுதாள். குழாயைத் திறந்துவிட்டு அழ வேண்டிய அவசியம் இல்லாமல், அவன் எதிரிலேயே, பத்து நாள் அழுகையையும் சேர்த்து அழுதாள். இவன் ஒரு பக்கம் டிவியைப் பார்த்துக்கொண்டு, அவள் ஒரு பக்கம் பார்லரில் நின்றுகொண்டு, இரண்டு பேருமாகச் சேர்ந்து உள்ளங்கை அகல மீன் ஒன்றின் தலையில் எல்லாவற்றையும் ஏற்றி வைத்திருந்தார்கள். ரவிக்குமார் நாற்காலியிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் எழுந்தாள். "துண்டை நனைச்சு எடுத்துட்டு வாங்க."

"ஷோபா, நாளைக்கு..."

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு உங்ககூட நான் வரப்போறேன். இது வரப்போறதில்லை. வர்றவ சொல்றதைக் கேளுங்க."

பிளக்கரைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தாள். கோல்ட் கிரீம் டப்பாவின் மூடியைக் கழுவி வைத்தாள், பஞ்சும் அயோடினும் எடுத்து வைத்தாள், மேஜை விளக்கைத் தாழ்த்தினாள். ரவிக்குமார் வலையில் கருப்பை அள்ளி ஈரத் துண்டில் வைத்து, அதன் கண் மறைகிற மாதிரி ஒரு மடிப்பைப் போட்டுப் பிடித்துக்கொண்டான். மீன் துள்ளக்கூட இல்லை.

"ஆடாம பிடிங்க."

"ஆடாமத்தான் பிடிக்கிறேன்."

முதல் புழுவை அடியில் பிடித்து நேராக இழுத்தாள். ஒரு கணம் வரமாட்டேன் என்று நின்று, பிறகு முழுசாக வந்தது. அரை அங்குலம்தான் இருக்கும், தலைப்பக்கம் முள் மாதிரி கிளை. மூடியில் போட்டுவிட்டு அயோடினைத் தொட்டு வைத்தாள். இரண்டாவதும் வந்தது. மீனைத் தண்ணீரில் விட்டு மூச்சு வாங்க வைத்து, மறுபடி எடுத்தார்கள். மூன்று, நான்கு. ஐந்தாவது செவுளுக்குப் பக்கத்தில் இருந்தது, அதில் அவசரப்பட்டுவிட்டாள். புழு நடுவில் அறுந்து, கருப்பாக ஒரு துணுக்கு சதைக்குள்ளேயே நின்றது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ முகவாயில் எத்தனையோ முடி எடுத்தவள், தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அதற்கு மேல் கிளறினால் செவுள் கிழியும் என்று விட்டுவிட்டாள்.

தண்ணீரில் விட்டதும் கருப்பு பக்கவாட்டில் சாய்ந்தது. செத்த மீன் எப்படிக் கிடக்குமோ அப்படியே கிடந்தது. ரவிக்குமார் சட்டைக் கையைக்கூட மடிக்காமல் தண்ணீருக்குள் கையை விட்டு அதன் அடியில் ஏந்தி, மோட்டாரிலிருந்து காற்றுக் குமிழ் வருகிற பக்கம் பிடித்துக்கொண்டான். "தப்புடா, மன்னிச்சுக்கோ" என்றான். அதை அவன் ஷோபாவுக்குக் கேட்காமல் சொல்ல நினைத்தான், அவளுக்குக் கேட்டுவிட்டது. ஐந்து நிமிஷம் போல் ஆயிற்று. கருப்பு வாலை ஒரு தடவை அசைத்து, நிமிர்ந்து, அவன் கையை விட்டு நகர்ந்து போய்க் கல்லுக்குப் பின்னால் நின்றது. அப்புறம் ஆரஞ்சு மீனுக்கும் ஒன்றை எடுத்தார்கள். ஆகாயத்தாமரையைக் கவரில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, மருந்தை டேரில் சொன்ன அளவுக்குக் கலந்து ஊற்றினார்கள்.

வியாழக்கிழமை காலை அவர்கள் கிளம்பும்போது கருப்பு உயிரோடு இருந்தது. தீனிக்குப் பாதி தூரம் மேலே வந்து, முடியாமல் திரும்பிப் போயிற்று. ரவிக்குமார் அதைப் பார்த்துக்கொண்டே செருப்பை மாட்டினான்.

ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போன பிறகு ஷோபா இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நேற்று பேசின வீராப்பெல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் கரைந்துபோயிற்று. ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் முத்தம்மா அண்ணி ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாள், நீதானே புடுங்கினே என்று. அண்ணி என்ன சொல்வது, தன் மனசே சொல்லும். ஒரு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். இரண்டு தடவை போய்க் கதவுக் கண்ணாடியில் எட்டிப் பார்த்து நர்ஸிடம் பேச்சு வாங்கினாள். ஒன்றரை மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். ஒரு ரத்தக் குழாயில் தொண்ணூறு சதவீதம் அடைப்பு, ஸ்டென்ட் வைத்துவிட்டோம், ரத்தம் நன்றாக ஓடுகிறது என்றார். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றும் சொன்னார். ஷோபா அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

போன் அடித்தது. முத்தம்மா அத்திபெலேயிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள்.

"கருப்பு செத்துச்சா?"

"சாகலை அண்ணி. அது புழு. நேத்தே நான் எடுத்துட்டேன்."

முத்தம்மா கேட்ட அடுத்த வார்த்தை மிகச் சின்னதாக வந்தது.

"தம்பி?"

"அவரும் சாகலை."

முத்தம்மா பஸ்ஸிலேயே வாய்விட்டு அழுதுவிட்டாள். பக்கத்து சீட்டில் யாரோ "ஏனாய்த்தம்மா, ஏனாய்த்து" என்று கன்னடத்தில் என்ன ஆச்சு என விசாரிப்பது போனில் கேட்டது. அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்போ வந்தது எங்கதான் போச்சு?" என்றாள்.

"எனக்குத் தெரியலை அண்ணி. ஏரியிலேர்ந்து இனிமே எதையும் அள்ளிட்டு வராதீங்க. நீங்க மட்டும் வாங்க."

அடுத்த புதன்கிழமை சாயங்காலம் இரண்டாவது தடவை. டேரில் சொன்ன மாதிரியே கருப்பின் மேல் புதிதாக இரண்டு நூல் முளைத்திருந்தது. செவுளுக்குப் பக்கத்தில் அறுந்த இடம் சிவந்திருந்ததே தவிர, சீழ் வைக்கவில்லை. வலையைப் பார்த்ததும் இந்தத் தடவை அது நன்றாகத் துள்ளித் தண்ணீரை டிவி வரைக்கும் அடித்தது. ரவிக்குமாரின் வலது மணிக்கட்டில் குழாய் விட்ட இடம் இன்னும் கன்றிப்போய் ஊதாவாக இருந்தது. அதனால் இடது கையால் துண்டைப் பிடித்துக்கொண்டான். மேஜை மேல் அவனுக்கான மாத்திரைப் பட்டைகள் வரிசையாகக் கிடந்தன. மீனுக்கு நாலு வாரம், அவனுக்கு ஆயுசுக்கும்.

ஷோபா விளக்கைத் தாழ்த்தி, பிளக்கரோடு குனிந்தாள். குனிந்தபடியே கேட்டாள்.

"இன்னும் பயமா இருக்கா?"

"இருக்கு" என்றான் ரவிக்குமார்.

"எனக்கும்தான்" என்றாள். "ஆடாம பிடிங்க." தோலை ஒட்டி, அடியில் பிடித்து நேராக இழுத்தாள். முழுசாக வந்தது.